கடுக்காய்ச் சாற்றைச் சோதிப்பது எப்படி? ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் ப்ராஜெக்ட் என்று வந்ததும் முதலில் கைவைப்பது மூலிகைச் சாற்றில்தான். ஒரு மூலிகையிலிருந்து சாறு இறக்கி, டிபிபிஎச் என்னும் ஊதா வேதிப்பொருளைக் கொண்ட சோதனையில் அதன் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனையும் பாக்டீரியா வளர்க்கும் அகார் கூழ்த் தட்டில் பாக்டீரியா எதிர்ப்புத் திறனையும் அளப்பார்கள். இரண்டுமே செலவு குறைந்த சோதனைகள், செய்முறையும் கடினமில்லை. கிடைத்த எண் சாற்றால் வந்ததா, கரைப்பானால் வந்ததா, அமிலத்தால் வந்ததா, வெறும் நிறத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம்.

இந்த வழிகாட்டிக்குக் கடுக்காயை எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டுமருந்துக் கடையிலும் கிடைக்கும். உலர்ந்த சதையில் மூன்றில் ஒரு பங்கு வரை டானின் இருக்கும். செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம், கேலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் ஆகியவை அதில் முக்கியமானவை. நாக்கில் வைத்ததும் இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு இவற்றால்தான். கடுக்காய் இரண்டு சோதனைகளிலும் நன்றாக வேலை செய்வதற்கும், இரண்டிலும் மாணவரை ஏமாற்றுவதற்கும் இதே டானின்தான் காரணம். கடுக்காயில் கை பழகிவிட்டால் நெல்லி, கொய்யா இலை, மாதுளைத் தோல் எதுவானாலும் சமாளித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டிபிபிஎச் சோதனையை வேதியியல் ஆய்வகம் எதிலும் செய்யலாம். பாக்டீரியாச் சோதனையை அதற்கான வசதியுள்ள நுண்ணுயிரியல் ஆய்வகத்தில், வழிகாட்டி உடனிருக்க மட்டுமே செய்யுங்கள். அதில் பயன்படுத்தும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நோய் உண்டாக்கும் கிருமி. வீட்டுச் சமையலறையிலோ விடுதி அறையிலோ அதை வளர்க்கக் கூடாது.

காய் வாங்குவதிலிருந்தே சோதனை தொடங்குகிறது

பொடியாக வாங்காதீர்கள். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. முழுக் காயாக வாங்குங்கள். முற்றி உலர்ந்த கடுக்காய் நீள்வட்டமாக, மஞ்சள் கலந்த பழுப்பில், நெடுக்காக ஐந்து வரம்புகளோடு இருக்கும். தான்றிக்காய் அதைவிட உருண்டை, மேல்தோல் சாம்பல் பூத்த வெல்வெட் போலிருக்கும். கடையில் ‘கடுக்காய்ப் பிஞ்சு’ என்று கிடைப்பது கறுத்துச் சுருங்கிய இளங்காய். அதுவும் கடுக்காய்தான் என்றாலும் முற்றிய காயின் முடிவோடு அதன் முடிவைக் கலக்கக் கூடாது. எதை எடுத்தீர்கள், எங்கே, எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். தாவரவியல் துறையில் காயைக் காட்டி, டெர்மினேலியா செபுலாதான் என்று உறுதிப்படுத்தி, மாதிரி ஒன்றைத் துறையில் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். இலை, பூவோடு செடியாகச் சேகரிப்பவர்கள் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பீட்டு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தை நாடலாம்.

‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பது சித்த மருத்துவர்கள் சொல்வது. சுக்கின் தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நீக்க வேண்டும் என்று பொருள். ஆய்வகத்திலும் கொட்டையை நீக்கித்தான் ஆக வேண்டும். அதிலுள்ள எண்ணெய் சாற்றில் கலந்தால் எடை கூடும், கரைசல் கலங்கும்.

உடைக்க இரும்பு உரல் வேண்டாம். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீல மை உண்டாகும். கலம்காரித் துணியில் கறுப்பு வருவது இதே வேதிவினையால்தான்: முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள், அதன்மேல் இரும்புக் கரைசலைக் கொண்டு வரைந்ததும் கோடு கறுக்கும். துணிக்கு அது அழகு, உங்கள் சாற்றுக்கோ நட்டம். கல் உரலில் உடைத்து, துருவில்லாத எஃகு பிளேடு உள்ள மிக்சியில் பொடித்து, 40 மெஷ் சல்லடையில் சலியுங்கள். பொடியை 40 டிகிரி செல்சியஸ் ஆய்வக ஓவனில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். குழாய்த்தண்ணீரிலும் இரும்பு இருக்கலாம் என்பதால் எல்லா வேலைக்கும் காய்ச்சி வடித்த நீர்தான்.

சாறு இறக்குதல்

கரைப்பானுக்கு 70 சதவீத எத்தனால் நல்ல தேர்வு. தூய எத்தனாலைவிட இந்தக் கலவை டானினை நன்றாக இழுக்கும். எத்தனால் கிடைக்காத இடங்களில் 70 சதவீத மெத்தனாலைப் பயன்படுத்தலாம். ஆனால் அது நச்சு: புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து, கையுறையோடு வேலை செய்யுங்கள்.

10 கிராம் பொடியை 100 மி.லி. கரைப்பானில் போட்டு, அலுமினியத் தாள் சுற்றிய குடுவையில் 24 மணி நேரம் ஷேக்கரில் வையுங்கள். வாட்மேன் 1 தாளில் வடித்து, சக்கையில் இன்னொரு 100 மி.லி. ஊற்றி மறுபடி 24 மணி நேரம். இரண்டு வடிநீரையும் சேர்த்து ரோட்டரி எவாபரேட்டரில் 40 டிகிரியைத் தாண்டாமல் வற்றவையுங்கள். சூட்டை ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும்தான், ஆனால் பெரிய டானின் மூலக்கூறுகள் நீரில் உடைந்து கேலிக் அமிலமாகப் பிரியும். அப்போது நீங்கள் சோதிப்பது வேறொரு பொருளை.

கடைசியில் அரக்கு போல ஒட்டும் பழுப்புப் பொருள் மிஞ்சும். முன்பே எடை பார்த்த சீசாவில் மாற்றி, ஈரத்தை உறிஞ்சும் மூடிய பாத்திரமான டெசிக்கேட்டரில் வைத்து, அடுத்தடுத்து இரண்டு நாள் எடை ஒன்றாக வரும்வரை விடுங்கள். இந்தப் பொறுமை அவசியம். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே கரைப்பான் இன்னும் இருக்கிறது என்று பொருள், அந்த மிச்சக் கரைப்பானே பாக்டீரியாவைக் கொல்லும். கிடைத்த எடையைப் பொடியின் எடையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் விளைச்சல் சதவீதம். காற்றின் ஈரத்தை இந்தச் சாறு வேகமாக உறிஞ்சும். சிறு சிறு சீசாக்களில் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். எடுத்தால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறங்கள்.

டானின் இருப்பதை உடனே பார்க்க ஒரு வழி: சிறிது சாற்றை நீரில் கரைத்து, 1 சதவீத ஃபெரிக் குளோரைடு ஒரு துளி விடுங்கள். வெளிர்மஞ்சள் நீர் அந்தத் துளி விழுந்த இடத்திலிருந்து நூல்நூலாகக் கறுத்து, குலுக்கியதும் முழுவதும் கருநீலமாகும்.

டிபிபிஎச் சோதனை

டிபிபிஎச் நிலையான ஒரு தனியுறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்). கரைசல் ஆழ்ந்த ஊதா, 517 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். ஆக்சிஜனேற்றத் தடுப்பான் ஒன்று ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்தால் ஊதா வெளுத்து வைக்கோல் மஞ்சளாகும். ஊதா எவ்வளவு குறைந்தது என்பதே அளவு. 1958-இல் பிளாய்ஸ் வெளியிட்ட முறை இது.

0.1 மில்லிமோலார் கரைசலுக்கு 100 மி.லி. மெத்தனாலில் 3.94 மி.கி. போதும். அவ்வளவு சிறிய எடையைச் சாதாரணத் தராசு சரியாகக் காட்டாது. 19.7 மி.கி. எடுத்து 50 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதில் 10 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குங்கள். அன்றே தயாரித்து, இருட்டில் வைத்து, அன்றே தீர்த்துவிடுங்கள்.

சாற்றை மெத்தனாலில் மி.லி.க்கு 1 மி.கி. என்று கரைத்து, அதிலிருந்து மி.லி.க்கு 4, 8, 16, 32, 64, 128 மைக்ரோகிராம் கரைசல்கள் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலும் 1 மி.லி.யோடு 3 மி.லி. டிபிபிஎச் சேர்த்து, குலுக்கி, இருட்டில் 30 நிமிடம் வைத்து, 517 நானோமீட்டரில் ஓடி (ஒளி உறிஞ்சல் அளவு) எடுங்கள். கண்ட்ரோல் குழாயில் சாற்றுக்குப் பதில் 1 மி.லி. மெத்தனால். அதன் ஓடி 0.8 முதல் 0.95 வரைக்குள் இருக்க வேண்டும். 0.5 என்று வந்தால் டிபிபிஎச் பழையது அல்லது எடை தவறு. மேலே போகாதீர்கள்.

கண்ட்ரோல் ஓடியிலிருந்து சாற்றுக் குழாயின் ஓடியைக் கழித்து, கண்ட்ரோல் ஓடியால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் தடுப்புச் சதவீதம். பாதி ஊதாவை நீக்கும் அளவே ஐசி50.

இங்கே நான்கு இடங்களில் தடுமாறுவார்கள்.

முதலாவது, சாற்றின் சொந்த நிறம். அடர்ந்த கரைசல் தானே பழுப்பாக இருப்பதால் 517-இல் கொஞ்சம் உறிஞ்சும், தடுப்புச் சதவீதம் உண்மையைவிடக் குறைந்து தெரியும். ஒவ்வொரு அளவுக்கும் ‘1 மி.லி. சாறு, 3 மி.லி. மெத்தனால்’ என்று ஒரு பிளாங்க் வைத்து அதன் ஓடியைக் கழியுங்கள்.

இரண்டாவது, தேர்ந்தெடுத்த அளவுகள். பலர் 100, 200, 300, 400, 500 மைக்ரோகிராம் என்று எடுக்கிறார்கள். கடுக்காய்க்கு அது பொருந்தவே பொருந்தாது. முதல் குழாயிலேயே ஊதா முழுவதும் போய்விடும், ஐந்து குழாயிலும் 90 சதவீதத்தை ஒட்டியே எண் வரும். அந்தத் தட்டைக் கோட்டை நீட்டி ஐசி50 கணக்கிட்டால் வருவது வெறும் கற்பனை. 20-க்கும் 80-க்கும் இடையில் குறைந்தது மூன்று புள்ளிகள் விழ வேண்டும்.

மூன்றாவது, எந்தச் செறிவை எழுதுவது என்பது. 1 மி.லி. சாறு 4 மி.லி. கலவையில் போய்விட்டதால் உண்மைச் செறிவு கால் பங்கு: 4 என்பது 1, 128 என்பது 32. கலப்பதற்கு முந்தைய எண்ணை எழுதினால் சாறு நான்கு மடங்கு பலவீனமாகத் தெரியும்.

நான்காவது, ஒப்பீட்டுக்கு வைக்கும் அஸ்கார்பிக் அமிலம். இதைச் சடங்காக வைக்காமல் உங்கள் கையைச் சோதிக்கும் கருவியாக வையுங்கள். ஒரு அஸ்கார்பிக் அமில மூலக்கூறு இரண்டு டிபிபிஎச்சை அணைக்கும். கலவையில் டிபிபிஎச் 75 மைக்ரோமோலார். பாதி, அதாவது 37.5 அணைய 18.75 மைக்ரோமோலார் அஸ்கார்பிக் அமிலம் வேண்டும், மி.லி.க்கு 3.3 மைக்ரோகிராம். உங்களுக்கு 3-க்கும் 4-க்கும் இடையில் வந்தால் கரைசல், பிப்பெட், கணக்கு எல்லாம் சரி. 10 வந்தால் சாற்றின் எண்ணையும் நம்பாதீர்கள். பெரும்பாலும் முந்தைய நாள் கரைத்த அஸ்கார்பிக் அமிலமே குற்றவாளி. நீரில் நின்றால் அது தானே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும்.

இந்த எண் மெத்தனாலில் நடந்த ஒரு வேதிவினையைத்தான் சொல்கிறது. குடலில் உறிஞ்சப்படுவது, கல்லீரலில் மாறுவது எதையும் அது தொடவில்லை. ‘புற்றுநோயைத் தடுக்கும்’ என்று முடிவுரையில் எழுத இந்தச் சோதனை இடம் கொடுக்காது.

அகார் தட்டில் தடை வளையம்

சாறு பரவிய இடத்தில் பாக்டீரியா வளராமல் தெளிவாக நிற்கும் வட்டமே தடை வளையம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923, ஈ. கோலை ஏடிசிசி 25922 இரண்டும் போதும் (ஏடிசிசி என்பது அமெரிக்க நுண்ணுயிர்ச் சேகரிப்பு, எண் அதிலுள்ள வகையைக் குறிக்கும்). சண்டிகரில் உள்ள எம்டிசிசி போன்ற அங்கீகரிக்கப்பட்ட நுண்ணுயிர்ச் சேகரிப்பிலிருந்து வாங்குங்கள். பக்கத்து மருத்துவமனையிலிருந்து கிடைத்த பெயர் தெரியாத கிருமியைக் கொண்டு தொடங்காதீர்கள்.

முல்லர் ஹின்டன் அகாரைப் பாக்கெட்டில் சொன்னபடி, வழக்கமாக லிட்டருக்கு 38 கிராம், கரைத்து 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்). 90 மி.மீ. தட்டில் 25 மி.லி. ஊற்றினால் ஏறத்தாழ 4 மி.மீ. கனம் வரும். கனம் குறைந்தால் சாறு பக்கவாட்டில் அதிகம் பரவி வளையம் பெரிதாகும், கூடினால் சுருங்கும். தட்டு சமதளத்தில்தான் உறைய வேண்டும்.

முந்தைய நாள் வளர்த்த காலனிகள் மூன்று நான்கைத் தொட்டு உப்புக்கரைசலில் கரைத்து, கலங்கலை, கலங்கல் அளவுகோலான மெக்ஃபார்லண்டில் 0.5-க்குக் கொண்டுவாருங்கள். 625 நானோமீட்டரில் ஓடி 0.08 முதல் 0.13 வரை. மி.லி.க்கு 10 முதல் 20 கோடி பாக்டீரியா என்று பொருள். ஒப்பீட்டுக் குழாயை நீங்களே செய்யலாம்: 1.175 சதவீத பேரியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.05 மி.லி., 1 சதவீத கந்தக அமிலம் 9.95 மி.லி. கலங்கலைச் சரிசெய்த 15 நிமிடத்துக்குள் பஞ்சுக்குச்சியை நனைத்து, குழாயின் சுவரில் அழுத்திப் பிழிந்து, தட்டை 60 டிகிரி திருப்பித் திருப்பி மூன்று திசையில் தேயுங்கள். பிழியாமல் தேய்த்தால் ஈரம் தேங்கி விரிப்பு திட்டுத்திட்டாக வரும்.

சாற்றை விட, 6 மி.மீ. கார்க் போரரால் அகாரில் கிணறு (சிறு குழி) வெட்டுங்கள். அகார் துண்டை எடுக்கும்போது அடியை நெம்பினால் தட்டுக்கும் அகாருக்கும் நடுவே இடைவெளி விழும், சாறு அடியில் ஒழுகிக் கோணல்மாணலான வளையம் வரும். கிணற்றுக்கு 50 மைக்ரோலிட்டர். சாற்றை 10 சதவீத டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பானில் மி.லி.க்கு 50 மி.கி. என்று கரைத்திருந்தால் ஒரு கிணற்றில் 2.5 மி.கி. சாறு. கிணற்றுத் தட்டை உடனே கவிழ்க்கக் கூடாது. சாறு அகாரில் இறங்கும்வரை நிமிர்த்தியே வைத்து, பிறகு 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்.

சாற்றை வடிகட்டிக் கிருமிநீக்க 0.22 மைக்ரோமீட்டர் சிரிஞ்ச் ஃபில்டர் போடுவார்கள். நைலான் வேண்டாம், டானின் அதில் ஒட்டிக்கொள்ளும். டிஎம்எஸ்ஓ அதிகமுள்ள கரைசலுக்கு செல்லுலோஸ் அசிடேட்டும் வேண்டாம், சவ்வே கரைந்துவிடும். நீர் ஏற்கும் பிடிஎஃப்இ (டெஃப்லான்) சவ்வு பாதுகாப்பானது. சாற்றை ஆட்டோகிளேவில் வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு தட்டிலும் மூன்று கண்ட்ரோல் இருக்கட்டும். வெறும் 10 சதவீத டிஎம்எஸ்ஓ ஒரு கிணறு. 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் டிஸ்க் ஒன்று: ஈ. கோலைக்கு 19 முதல் 26 மி.மீ., ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு 19 முதல் 27 மி.மீ. வர வேண்டும். வராத தட்டை ஒதுக்குங்கள். மூன்றாவது கண்ட்ரோலைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கடுக்காய்ச் சாறு அமிலத்தன்மை உள்ளது, அந்த அமிலமே பாக்டீரியாவைத் தடுக்கக்கூடும். சாற்றின் பிஎச் அளந்து, அதே பிஎச்சுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த 10 சதவீத டிஎம்எஸ்ஓவை ஒரு கிணற்றில் விடுங்கள். காரம் சேர்த்துச் சாற்றையே நடுநிலையாக்கலாமே என்று தோன்றும். காரத்தில் டானின் காற்றோடு வினைபுரிந்து கறுத்துவிடும், அதனால் அமிலக் கண்ட்ரோலே மேல். கண்ட்ரோல்களில் மிக வலுவானது இன்னொன்று: சாற்றின் ஒரு பகுதியை, டானினைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி பாலிமர்ப் பொடியோடு குலுக்கி, டானினை நீக்கி, வடித்த நீரைச் சோதிப்பது. வளையம் காணாமல் போனால் வேலை செய்தது டானின்தான்.

மறுநாள் தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்காதீர்கள். கிணற்றைச் சுற்றிச் சாறு ஊறிய பழுப்பு வட்டம்தான் முதலில் கண்ணில் படும், அது தடை வளையமல்ல. தட்டைக் கவிழ்த்துக் கறுப்புத் துணிமேல் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பாக்டீரியா விரிப்பு பால்போல வெளுத்துத் தெரியும், அது நிற்கும் விளிம்புதான் அளக்க வேண்டிய இடம். கிணற்றின் 6 மி.மீ.யும் சேர்த்து அளந்து, சேர்த்தே அளந்தோம் என்று எழுதுங்கள்.

கடுக்காய்க்கு 20 மி.மீ., ஜென்டாமைசினுக்கு 22 மி.மீ. என்று வந்தால் ‘கடுக்காய் ஜென்டாமைசினுக்கு நிகர்’ என்று எழுதும் ஆசை வரும். கிணற்றில் இருந்தது 2500 மைக்ரோகிராம், டிஸ்கில் இருந்தது 10: இருநூற்றைம்பது மடங்கு. இரண்டு மூலிகைகளின் வளையங்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. செபுலினிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 956, கேலிக் அமிலத்துக்கு 170. பெரியது அகாரில் மெதுவாகத்தான் நகரும், வளையம் சிறியதாக இருப்பதற்கு அதுவும் காரணம். ஈ. கோலையில் வளையம் சிறுத்தோ இல்லாமலோ வந்தால் பதற வேண்டாம். ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு பல பொருள்களை உள்ளே விடாது.

எம்ஐசி: திறனை எண்ணாகச் சொல்ல

வளையம் ‘உண்டு, இல்லை’ என்பதைச் சொல்லும். எவ்வளவு என்று, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை (எம்ஐசி) எண்ணாகச் சொல்ல, 96 கிணற்றுத் தட்டு வேண்டும். இங்கே ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு ஏடிசிசி 29213-ஐப் பயன்படுத்துங்கள்.

1. சாற்றை டிஎம்எஸ்ஓவில் மி.லி.க்கு 200 மி.கி. என்று கரையுங்கள். அதில் 20 மைக்ரோலிட்டரை 980 மைக்ரோலிட்டர் முல்லர் ஹின்டன் பிராத்தில் (அகார் இல்லாத திரவ ஊடகம்) சேர்த்தால் மி.லி.க்கு 4 மி.கி.
2. முதல் கிணற்றில் இதில் 100 மைக்ரோலிட்டர். 2 முதல் 10 வரை வெறும் பிராத் 50.
3. முதலாவதிலிருந்து 50 எடுத்து இரண்டாவதில் கலந்து, அதிலிருந்து 50 மூன்றாவதில் என்று பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், பத்தாவதிலிருந்து 50-ஐக் கொட்டிவிடுங்கள்.
4. 11-இல் 2 சதவீத டிஎம்எஸ்ஓ கலந்த பிராத் 50, 12-இல் வெறும் பிராத் 100.
5. 0.5 மெக்ஃபார்லண்டு கலங்கலில் 0.1 மி.லி.யை 9.9 மி.லி. பிராத்தில் கலந்து, 1 முதல் 11 வரை 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். கிணற்றில் மி.லி.க்குச் சுமார் 5 லட்சம் பாக்டீரியா. சாற்றின் செறிவு முதல் கிணற்றில் 2 மி.கி., பத்தாவதில் ஏறத்தாழ 4 மைக்ரோகிராம். டிஎம்எஸ்ஓ எங்கும் 1 சதவீதத்தைத் தாண்டாது.
6. அடுத்த வரிசையில் இதே நீர்த்தல், ஆனால் பாக்டீரியாவுக்குப் பதில் வெறும் பிராத்.

35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஆறாவது படியின் வரிசை எதற்கு என்பது அப்போது புரியும். டானின் பிராத்தில் உள்ள புரதத்தோடு சேர்ந்து திரியும், பாக்டீரியா இல்லாத கிணறும் கலங்கியே இருக்கும். கண்ணால் எம்ஐசி படிக்க முடியாது. உடனே எல்லோரும் ரெசசூரின் என்னும் நீலச் சாயத்தை நாடுவார்கள்: உயிருள்ள பாக்டீரியா நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். ஆனால் கடுக்காய்ப் பாலிஃபீனாலும் அதே வேலையைச் செய்யக்கூடியது. பாக்டீரியா இல்லாத வரிசையிலும் ஊற்றிப் பாருங்கள், அங்கேயும் சிவந்தால் அந்தச் சாயம் உங்களுக்கு உதவாது.

நம்பகமான வழி, ஒவ்வொரு கிணற்றையும் நன்றாகக் கலக்கி 10 மைக்ரோலிட்டர் எடுத்துப் புதிய அகாரில் இடுவது. தொடக்கத்தில் மி.லி.க்கு 5 லட்சம் இருந்தது, அதில் 99.9 சதவீதம் செத்தால் மி.லி.க்கு 500 மிஞ்சும், 10 மைக்ரோலிட்டரில் 5. ஐந்து காலனிக்கு மேல் வராத குறைந்த செறிவே கொல்லும் அளவு. அதற்குக் கீழே, ஆனால் 11-ஆம் கிணற்றைவிட வெகு குறைவாக வளர்ந்த கிணறுகள் வளர்ச்சி தடைபட்டவை. முழுச் சாறு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால் அது உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. 1 மி.கி.க்கு மேல்தான் வேலை செய்கிறது என்றால் அப்படியே எழுதுங்கள், ‘சிறந்த எதிர்ப்பு’ என்ற சொல்லைத் தொடாதீர்கள்.

ஜென்டாமைசினையும் ஒரு வரிசையில் ஓட்டுங்கள். ஈ. கோலை ஏடிசிசி 25922-க்கு 0.25 முதல் 1 மைக்ரோகிராமுக்குள் வர வேண்டும்.

எல்லாச் சோதனையையும் மூன்று வெவ்வேறு நாள்களில், புதிதாக வளர்த்த பாக்டீரியாவோடு செய்யுங்கள். ஒரே நாளில் ஒரே கலவையை மூன்று கிணற்றில் விட்டால் உங்கள் பிப்பெட் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்பதுதான் தெரியும். தட்டுகள், பஞ்சுக்குச்சிகள், பிப்பெட் முனைகள் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் பையில் போட்டு 121 டிகிரியில் குறைந்தது 30 நிமிடம் வைத்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். மெத்தனால் கலந்த டிபிபிஎச் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல், கரைப்பான் கழிவுக்கென்று பெயர் எழுதிய தனிப் புட்டியில் சேருங்கள்.